முந்நூற்றுப் பதினேழாம் எண் காவலர்

1986ஆம் ஆண்டு ஜூன் மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு அந்தப் பெண்மணி காவல் தலைமையகத்தின் பதிவறைக்குள் வந்தார். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. பதிவறைக்காரர் யார் எதற்கு வந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள மறந்தாலும், எப்போது வந்தார்கள் என்பதைக் குறிக்க மறக்கமாட்டார். முப்பத்தோரு ஆண்டுப் பழக்கம் அது.

பதிவறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. சன்னல் கூரைக்கு ஒட்டினாற்போல் இருந்ததால், தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பதினான்கு இரும்பு அலமாரிகள். அவற்றில் சிவப்பு நாடா கட்டிய கட்டுகள். எங்கும் பாச்சை உருண்டை வாடை. அந்த அறையில் இருந்து இருந்து, பதிவறைக்காரருக்கு மனிதர்களின் பெயர் மனத்தில் தங்காமல் போய்விட்டது. சீருடைக் கழுத்துப்பட்டையில் இருக்கும் எண்தான் தங்கும். "இருநூத்தி நாலுக்கு மூட்டுவலியாம்", "ஐந்நூத்தி அறுபது வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணமாம்" என்றுதான் பேசுவார். அதனால் தலைமையகம் முழுவதும் அவரை 'நம்பர்' என்றே அழைத்தது. மேல்மாடித் தட்டச்சம்மா மட்டும் மரியாதையாக 'நம்பர் அண்ணே' என்பார்.

"நம்பர் அண்ணே, உங்க வீட்டம்மாவ எந்த நம்பர் சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"அவங்களுக்கு நம்பர் கிடையாதும்மா. அவங்க கமிஷனர்."

இப்படி எல்லாரையும் சிரிக்கவைக்கும் மனிதர்தான். ஆனால் அன்று வந்த பெண்மணி சிரிக்கும் நிலையில் இல்லை. நாற்பத்தேழு வயதிருக்கும். பெரியாஸ்பத்திரியின் துணிக்கிடங்கில் தையல்காரி என்று சொன்னார். கையில் மடித்து வைத்திருந்த செய்தித்தாளை மேசைமேல் விரித்தார். அதில் தலைமையகத்தின் அறிவிப்பு ஒன்று வந்திருந்தது.

தலைமையக முற்றத்தில், இரண்டு உலகப் போர்களிலும் உயிரிழந்த காவலர்களுக்கான நினைவுத்தூண் உண்டு. முதற்போரில் ஆறு பேர். இரண்டாம் போரில் பதினோரு பேர். கறுப்புக் கல்லில் பெயரும் எண்ணுமாகப் பொறித்திருந்தார்கள். போன மழைக்காலத்தில் பின்னோக்கி வந்த லாரி ஒன்று இடித்ததில் கல்லில் குறுக்கே விரிசல் விழுந்துவிட்டது. புதுக் கல் வைக்கப் போகிறார்கள். பழைய பெயர்ப் பட்டியலில் திருத்தம் இருந்தால், ஜூன் முப்பதாம் தேதிக்குள் குடும்பத்தார் தெரிவிக்கலாம் என்பதே அறிவிப்பு. ஒவ்வொரு பெயரையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்திட வேண்டியவர் பதிவறைக்காரர்.

"எங்கப்பா போலீஸ்ல இருந்தாருங்க. நாப்பத்தொண்ணுல சண்டைக்குப் போனாரு, அப்புறம் வரலை. அந்தக் கல்லுல அவரு பேரு இல்லை. போட்டே ஆகணும்னு கேக்க நான் வரலை. அவரு செத்தாரா, எங்களை விட்டு ஓடினாரா, அதைச் சொல்லிட்டீங்கன்னா போதும்."

"தாள் ஏதாவது இருக்காம்மா?"

"தாளா? எங்கம்மா கோவத்துல எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டா. இது ஒண்ணுதான் தப்பிச்சுது."

அவர் நீட்டியது ஒரு புகைப்படத்தின் பாதி. சீருடை அணிந்த இளைஞர் ஒருவர் நின்றிருந்தார். அவருடைய இடத்தோளை ஒட்டிக் கத்தரிக்கோல் ஓடியிருந்தது.

"மீதிப் பாதியில எங்கம்மா. அந்தாள் பக்கத்துல நிக்கப் பிடிக்கலைன்னு தன்னை வெட்டி எடுத்துட்டா. நான் தையல்காரி பாருங்க, இந்தக் கோணல் வெட்டைப் பாத்தாலே எனக்குக் கை துறுதுறுங்குது."

பதிவறைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துக் கழுத்துப்பட்டையின்மேல் வைத்தார். பித்தளை எண் தெளிவாக இருந்தது: 317.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேலும் கீழுமாக இரண்டு முறை பார்த்தார். பிறகு புகைப்படத்தைத் திருப்பிக் கொடுத்து, "ஒரு வாரம் கழிச்சு வாங்கம்மா" என்றார். அவர் அறிந்த எண்களிலெல்லாம் முதலாவது அது. முந்நூற்றுப் பதினேழு அவருடைய அப்பாவின் எண். அப்பாவின் பெயர் அந்தக் கல்லில் ஏழாவதாக இருந்தது.

அந்தக் கல் இல்லையென்றால் பதிவறைக்காரருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வாழ்க்கை இருந்திருக்குமா என்பது ஐயமே. 1943ஆம் ஆண்டு ஜூலை இருபத்தெட்டாம் தேதி, அவருக்கு ஏழு வயதானபோது, நிலைய இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தந்தியை அம்மாவிடம் கொடுத்தார். அப்பா யாரிடமும் சொல்லாமல் படையில் சேர்ந்துவிட்டாரென்றும், போர்க்களத்தில் இறந்துவிட்டாரென்றும் அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களில் அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் படைக்குப் போன காவலர்கள் பலர். அன்றுமுதல் அம்மா 'சண்டையில செத்தவர் சம்சாரம்' ஆனார். தண்ணீர்க் குழாயடியில் அவருக்கு வழிவிட்டார்கள். பையனுக்குப் பள்ளியில் சம்பளம் கேட்கவில்லை. 1949இல் தூணைத் திறந்தபோது, துணி விலகிய கல்லில் அப்பாவின் பெயரைப் பார்த்து, பதின்மூன்று வயதுப் பையன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். கல்லில் பெயருள்ளவர்களின் பிள்ளைகளுள் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்ற விதிப்படி, பத்தொன்பது வயதில் இந்தப் பதிவறைக்கு வந்தார். பெண் கொடுக்க வந்த மாமனார்கூட மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் கல்லைப் பார்த்துவிட்டு வந்தவர்தான். ஆண்டுதோறும் நினைவுநாள் அணிவகுப்பில் அம்மாவும் மகனும் முதல் வரிசையில் நிற்பார்கள். எக்காளம் ஊதும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். மகனும் துடைத்துக்கொள்வார். அப்பாவின் முகம் அவருக்கு மங்கலாகத்தான் நினைவிருந்தது. அழுகை மட்டும் தெளிவாக வந்தது.

தையல்காரி போன பின்பு, பதிவறைக்காரர் எண் பதிவேட்டை இறக்கினார். முந்நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன. மேல்வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது; கீழ்வரியில் அப்பாவின் பெயர். இந்தப் பக்கத்தை அவர் எத்தனையோ முறை ஆசையோடு திறந்து பார்த்திருக்கிறார். அடிபட்ட மேல்வரி யாருடையது என்று ஒருமுறையும் கேட்டதில்லை. வேலையை விட்டவன், விலக்கப்பட்டவன், மாற்றலாகிப் போனவன், எல்லாருக்கும் அதே சிவப்புக் கோடுதான். காரணம் வேறொரு புத்தகத்தில் இருக்கும். அதைத் தேட வேண்டிய அவசியம் அவருக்கு நேர்ந்ததில்லை.

இப்போது தேடினார். 1941ஆம் ஆண்டின் ஆணைப் புத்தகம் விவரத்தைச் சொன்னது. இராணுவம் தனக்கென ஒரு காவல் பிரிவு கேட்டிருந்தது; நாற்பது காவலர்களை அனுப்பியிருந்தார்கள். அவர்கள் தங்கள் பழைய எண்களையே படையிலும் அணியலாம். போர் முடியும்வரை தந்தியில் பெயரோ இறந்த தேதியோ அனுப்பக் கூடாது, எண் மட்டுமே அனுப்ப வேண்டும். ஆகவே போனவர்களின் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கடைசி வரியில் கண்டிப்பாக எழுதியிருந்தது. ஆனால் போர்க்காலத்தில் பித்தளை கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த நிலையத்தின் பொருளறைக்காரர், போனவரின் உபரி எண் வில்லையைப் புதிதாகச் சேர்ந்தவரின் கழுத்தில் குத்திவிட்டு, பழைய வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ஒரே எண்ணில் இரண்டு காவலர்: ஒருவர் போர்முனையில், ஒருவர் தெருமுனையில்.

இவ்வளவு தெரிந்த பிறகும் பதிவறைக்காரர் நம்பிக்கையை விடவில்லை. இரண்டு பேருமே போருக்குப் போயிருக்கலாம், இரண்டு பேருமே இறந்திருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பத்தாம் தேதி தையல்காரி வந்தபோது, "தேடிட்டிருக்கேம்மா" என்றார். பதினேழாம் தேதி வந்தபோதும் அதையே சொன்னார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதும் உண்மைதான். ஆனால் எதையோ கண்டுபிடித்துவிடுவோமோ என்ற பயத்தோடு தேடினார்.

பதினெட்டாம் தேதி கண்டுபிடித்துவிட்டார். மிதிவண்டிப் பழுதுச் செலவுக் கட்டுக்குள், யாரும் பிரிக்காத உறை ஒன்று கிடந்தது. 1946இல் இராணுவம் அனுப்பிய முழுப் பட்டியல் அது, இம்முறை பெயர்களோடு. எண் 317: தையல்காரியின் அப்பா. இறந்த நாள் ஜூலை 4, 1943. பதிவறைக்காரர் நிலையத்தின் வருகைப் பதிவேட்டை எடுத்து அதே மாதத்தைப் பிரித்தார். தம் அப்பாவின் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். ஐந்தாம் தேதி காலை ஆறு மணி, கையெழுத்து. ஆறு, ஏழு, எட்டு, கையெழுத்து. இறந்ததாகச் சொல்லப்பட்டவர் மறுநாள் காலையில் வந்து வேலை பார்த்திருந்தார். ஒன்பதாம் தேதியிலிருந்துதான் 'வரவில்லை'.

அன்று அவர் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, காவலர் குடியிருப்பிலிருந்த வீட்டுக்கு நடந்தார். அம்மா கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். அறுபத்தொன்பது வயது, கையும் வாயும் சளைக்காதவர்.

"என்னடா, பாதி நாள்ல வந்துட்டே? பாச்சை உருண்டை உன்னைத் துரத்திடுச்சா?"

"அம்மா, அப்பா எங்க போனாரு?"

"அம்பது வயசுல கேக்கற கேள்வியா இது? சண்டைக்குப் போனாரு."

"ஜூலை நாலாம் தேதி செத்தவருக்குத்தான் அந்தத் தந்தி. அப்பா எட்டாம் தேதி வரைக்கும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டிருக்காரு."

அம்மா மடித்த துணியை உதறி, மறுபடி மடித்தார். சமையலறை வாசலில் மருமகள் வந்து நின்றார். "நீ போய்த் தெருக்கதவைச் சாத்து" என்றார் அம்மா. கதவு சாத்தும் ஓசை கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மரக்கடையில ஒருத்தி கணக்கு எழுதிட்டிருந்தா. அவளோட போயிட்டான்."

நாற்பத்து மூன்று ஆண்டுகளாக 'உங்கப்பாரு' என்று சொல்லிவந்த வாய் அது.

"பத்தொம்பது நாள் வாசல்லயே நின்னேன், இன்னைக்கு வருவான், நாளைக்கு வருவான்னு. வந்தது இன்ஸ்பெக்டர். தொப்பியைக் கழட்டிட்டு, 'உங்க புருஷன் சண்டையில போயிட்டாரும்மா'ங்கறாரு. நான் என்னடா சொல்லணும்? இல்லீங்க, அவன் பொம்பளையோட ஓடிட்டான்னு சொல்லணுமா? அடுப்பு மூட்டக் கரி இல்லை வீட்டுல. நீ என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே."

"வேற யார் வீட்டுத் தந்தியோன்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணாம என்ன? சாகாதவனுக்கு யாரு தந்தி அடிப்பா? யாராவது கேட்டு வந்தா குடுத்துடலாம்னு அதைப் பெட்டியில வெச்சுக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் வரலை."

"இப்ப வந்திருக்காங்க."

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்போல் அடுத்த துணியை எடுத்தார். பதிவறைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்புறம் அவரு வரவே இல்லையா?"

"வந்தான். கல்லு தெறந்த மறு மாசம். பேப்பர்ல தன் பேரைப் பாத்துட்டு வந்தானாம். நீ பள்ளிக்கூடம் போயிருந்தே. ஒரு டம்ளர் டீ குடிச்சான். 'நான் செத்தது உங்களுக்கு நல்லதாத்தான் இருக்கு, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்'னான். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் இருக்கானோ, செத்தானோ, எனக்குத் தெரியாது."

மருமகள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அழுதாரா, சிரிப்பை அடக்கினாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

"இங்க பாரு" என்றார் அம்மா, மகனின் முகத்தைப் பார்க்காமல். "அந்தக் கல்லுல நீ கை வெச்சேன்னா, உன் அம்மாவை நீயே பொய்க்காரின்னு சொல்லித் தெருவுல நிறுத்தறே. வெச்சுப் பாரு."

பதிவறைக்காரர் இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு, மூன்றாம் நாள் எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரின் அறைக்குப் போனார். கண்காணிப்பாளர் கெட்டவர் அல்லர். பட்டியலைப் படித்தார், வருகைப் பதிவேட்டைப் பார்த்தார், எழுந்து போய்த் தாமே கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நம்பர், இதை வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்லீங்க சார்."

"அப்ப இத்தோட விட்டுடுங்க. அந்தம்மாவோட அப்பா பேரைப் பன்னெண்டாவதா சேத்துடுவோம். அவங்களுக்கும் நிம்மதி. உங்கப்பா பேரு இருந்த எடத்துலயே இருக்கட்டும். ஒரு பேரு கூடினா கல்லு கனமாயிடுமா என்ன?"

"பட்டியலுக்கு அடியில கையெழுத்து யாரு போடறது சார்?"

"நீங்கதான்."

"அதான் சார்."

"என்னய்யா அதான்? ரிட்டயராக எட்டு வருஷம் இருக்கு உங்களுக்கு. உங்க வேலையே அந்தக் கல்லால வந்தது. இதைக் கிளறினா விசாரணைன்னு வரும், வயசான அம்மாவை இழுப்பாங்க. நான் இந்தக் கட்டைப் பாக்கலை. எடுத்த எடத்துல வெச்சுடுங்க. முப்பதாம் தேதி பட்டியல் என் மேசைக்கு வரணும்."

இதைக் கேட்டதும் பதிவறைக்காரர் கொதித்தெழுந்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவருக்கு அப்போது உண்டானது ஆறுதல். கீழே போய்ப் பன்னிரண்டு பெயர்களோடு பட்டியலைத் தம் கைப்படவே எழுதினார். ஏழாவது இடத்தில் அப்பா. பன்னிரண்டாவது இடத்தில் தையல்காரியின் அப்பா. கையெழுத்துப் போடாமல் இழுப்பறையில் வைத்தார். யாருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு. அம்மாவுக்கு மானம், அந்தப் பெண்மணிக்கு அப்பா, தமக்கு வேலை. நாலைந்து நாள் அந்த இழுப்பறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பேனாவில் மை இல்லாமலில்லை.

இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை, இனியும் அந்தப் பெண்மணியை அலையவிடுவது முறையல்ல என்று தாமே ஆஸ்பத்திரிக்குப் போனார். துணிக்கிடங்கு சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. கூரை வரை வெள்ளைப் படுக்கை விரிப்புகள். நான்கு தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவரைப் பார்த்ததும் தையல்காரியின் கால் மிதியிலேயே நின்றது.

"என்ன சார், நீங்களே வந்துட்டீங்க? கெட்ட சேதியா?"

"உங்கப்பா ஓடலைம்மா. நாப்பத்து மூணு ஜூலை நாலாம் தேதி சண்டையில செத்தாரு. இராணுவத்தோட பட்டியலை என் கண்ணால பாத்தேன். புதுக் கல்லுல பேரு வரும்."

தையல்காரி ஊசிக்கடியில் பாதி ஓடியிருந்த விரிப்பை, கடைசி முனை வரை நேராகத் தைத்து முடித்தார். நூலைப் பல்லால் அறுத்தார். பிறகுதான் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கம்மா சாகற வரைக்கும் அவரைத் திட்டினா சார். சாபம் விடுவா. நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். மண்ணுக்குள்ள கிடந்த மனுஷனை." நிமிர்ந்து கேட்டார்: "ஏன் சார் எங்களுக்குச் சொல்லலை?"

"எண்ணை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. தந்தி அவரு வீட்டுக்குப் போயிடுச்சு."

"யாரு அவங்க?"

பதிவறைக்காரர் அடுக்கியிருந்த விரிப்புகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். "பழைய விஷயம்மா... விலாசம் சரியாத் தெரியலை" என்றார்.

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். "பாவம் சார். அங்கயும் ஒரு அம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதிருப்பாங்க, அவங்க புருஷன்னு நெனச்சு. அப்புறம் அவரு உசுரோட வந்து நின்னப்போ எப்படி இருந்திருக்கும்! நல்லா இருக்கட்டும்."

அவர் வஞ்சமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் அது பதிவறைக்காரருக்கு முள்ளாகத் தைத்தது. விடைபெறும்போது தையல்காரி வாசல் வரை வந்தார்.

"சார், நான் உங்களுக்குக் கடன்பட்டுட்டேன். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லலை. என்னைக்காவது, என்ன வேணும்னாலும் வந்து கேளுங்க. என்னால முடிஞ்சது எதுவானாலும் செய்வேன்."

முப்பதாம் தேதி காலையில் பதிவறைக்காரர் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். இரண்டாம் போர், பதினோரு பெயர்கள். ஏழாவது இடத்தில் தையல்காரியின் அப்பா. அடியில் குறிப்பு: 'முன்னர் ஏழாவதாக இருந்த பெயர் நீக்கப்படுகிறது. அவர் போரில் இறக்கவில்லை என்பதற்கான சான்றுகள் இணைக்கப்பட்டுள்ளன. நீக்கப்பட்டவர் என் தந்தை. சரிபார்க்கப்பட்டது.' கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டு, எண் பதிவேட்டில் அடிபட்ட மேல்வரியின் ஓரத்தில் காரணத்தை முதன்முதலாக எழுதினார்.

கண்காணிப்பாளர் தாளைப் படித்துவிட்டு, "உங்களுக்கு நீங்களே குழி வெட்டிக்கிட்டீங்க, நம்பர்" என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்டில் புதுக் கல் ஏறியது. செப்டம்பரில் விசாரணை வந்தது. தவறான அடிப்படையில் பெற்ற பணி என்பது குற்றச்சாட்டு. வேலையைப் பறிக்கவே ஒரு சாரார் விரும்பினார்கள். தாமாக முன்வந்து சொன்னார் என்பதற்காகப் பறிக்கவில்லை. பதிவறையிலிருந்து மாற்றி, வாகனக் கொட்டகை வாயிலில், உள்ளே வெளியே போகும் வண்டிகளின் நேரம் எழுதும் வேலையில் போடுவதாகப் பேச்சு அடிபட்டது. தட்டச்சம்மாதான் அந்தச் செய்தியைக் கொண்டு ஓடி வந்தார்.

"நம்பர் அண்ணே, ஒரு வழி இருக்கு. அந்தத் தையல்காரம்மாகிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. 'எங்க குடும்பத்துக்கு எந்த வருத்தமும் இல்லை, இவருதான் எங்களுக்கு உண்மையைத் தேடிக் குடுத்தாரு'ன்னு ரெண்டு வரி. பாதிக்கப்பட்டவங்களே எழுதிட்டா விசாரணைக்காரங்க வாயைத் திறக்க முடியாது. நான் டைப் அடிச்சே வெச்சிருக்கேன், கையெழுத்து மட்டும் போதும்."

"அவங்களுக்கு யார் வீட்டுக்குத் தந்தி போச்சுன்னு தெரியாதும்மா."

"சொல்லிட்டா என்ன? நீங்களா வாங்கினீங்க? உங்களுக்கு அப்ப ஏழு வயசு!"

"எங்கம்மா வாங்கினாங்க."

தட்டச்சம்மா அடித்துவைத்த தாளை அவர் சட்டைப்பையில் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு மதியம் ஆஸ்பத்திரி வாசல் வரை போனார். சலவைக்கூடத்தின் நீராவி வாசனை வரும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். மறுவாரம் வாகனக் கொட்டகைக்கு ஆணை வந்தது. குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். போரில் இறந்தவரின் மனைவி என்று அம்மா வாங்கிவந்த உதவித்தொகையும் நின்றது.

அம்மா தெருவில் நிற்கவில்லை. மகனின் வாடகை வீட்டில், சன்னலோரம் தன் கட்டிலைப் போட்டுக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு மகனோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் மருமகள் வழியாகத்தான். மகன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "உன் புருஷன்கிட்ட விளக்கை அணைக்கச் சொல்லு" என்பார். "அணைக்கறேம்மா" என்று மகன் சொன்னால், "காதுல விழலைன்னு சொல்லு" என்பார். மருமகளுக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் தலைவலி வரும். மூன்றாம் ஆண்டு அம்மா படுத்த படுக்கையாகிப் போய்ச் சேர்ந்தார். கடைசி நாளில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேசியது என்னவோ மருமகளிடம்தான்.

வாகனக் கொட்டகை வாயிலில் பதிவறைக்காரர் எட்டு ஆண்டுகள் வண்டி எண்களை எழுதினார். கையெழுத்து மாறவில்லை, பேச்சில் மட்டும் காவலர்களின் எண்கள் குறைந்துபோயின. நினைவுநாள் தவறாமல் முற்றத்துக்குப் போவார். முதல் வரிசையில் அவர் நின்ற இடத்தில் இப்போது தையல்காரி நின்றார், அப்பாவின் பெயருக்கு நேர் எதிரே. இவர் பின்வரிசையில் ஓட்டுநர்களோடு நிற்பார். எக்காளம் ஊதும்போது அவருக்கு இப்போது அழுகை வருவதில்லை. எங்கே பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் தையல்காரி ஒவ்வொரு ஆண்டும் அவரைத் தேடி வருவார்.

"என்ன சார், இன்னும் ஒண்ணும் கேக்கலியே? எனக்கு வயசாகுது, சீக்கிரம் கேட்டுடுங்க. கடனோட சாகவிட்டுடாதீங்க."

"இருக்கட்டும்மா, எங்க போயிடப் போகுது."

"சட்டை தைக்கணுமா? பேத்திக்குப் பாவாடை? ஆஸ்பத்திரியில யாருக்காவது கட்டில்?"

"சொல்லியனுப்பறேம்மா."

1996ஆம் ஆண்டு குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து அவரையே அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தையல்காரி அப்போது ஓய்வு பெற்றிருந்தார். கேள்விப்பட்டு வந்து கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விரிப்பின் ஓரத்தைப் புரட்டி, தையல் கோணலாகப் போயிருப்பதாகப் புதுத் தையல்காரியைத் திட்டினார். பிறகு குனிந்து, "இப்பவாவது கேளுங்க சார்" என்றார்.

கேட்கப் பதிவறைக்காரரிடம் ஒன்று இருந்தது. அம்மாவின் சார்பில் ஒரு மன்னிப்பு. கேட்டிருந்தால் அந்தப் பெண்மணி மறுத்திருக்கமாட்டார் என்பதை அவரும் அறிவார். கடனைக் காட்டி வாங்குவது மன்னிப்பாகுமா என்ற இடத்தில்தான் பத்து ஆண்டுகளாக நின்றிருந்தார்.

"ஒண்ணும் வேண்டாம்மா" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவர் இறந்தார். தையல்காரி இன்றும் தம் மகளிடம், அந்த மனிதருக்குத் தாம் ஒன்று பாக்கி என்றும், அவர் கடைசிவரை அதைக் கேட்கவே இல்லை என்றும் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்கிறார்.